வெற்றிடம் அன்று

நிலப்பயன்பாட்டுத் திட்டம் வகுப்போர் நகரின் வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு வண்ணமும் தொழிலுக்கு ஒரு வண்ணமும் வேளாண்மைக்கு ஒரு வண்ணமும் தீட்டுவர். எவ்வண்ணமும் பெறாத இடத்தை வெற்றிடம் என்று கருதிவிடுவது எளிது. வருவாய்த்துறையின் ‘புறம்போக்கு’ என்னும் சொல்லும் இத்தகையதே. அவ்வாறு எழுதிவிட்டால், அந்நிலம் என்ன பணி செய்கிறது என்று பிறகு எவரும் வினவுவதில்லை. கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள சதுப்பு நிலத்திற்கும் இந்நிலையே நேர்ந்தது. 1960-களில் அதன் ஒரு பகுதியை ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பினர். அங்கே சால்ட் லேக் நகரம் எழுந்தது.

1980-களில் மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருவஜ்யோதி கோஷ், நகரின் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது என ஆராயத் தொடங்கினார். கொல்கத்தா ஹூக்ளிக் கரையில் அமைந்திருந்தாலும் அதன் நிலம் கிழக்கு நோக்கியே சரிந்துள்ளது. எனவே கழிவுநீரும் கிழக்கே பாய்கிறது. கால்வாய்களைப் பின்தொடர்ந்த கோஷ், வங்காளத்தில் ‘பேரி’ எனப்படும் மீன்வளர்ப்புக் குளங்களை அடைந்தார்.

இக்குளங்கள் ஆழம் குறைந்தவை. ஆதலால் வெயில் நீருக்குள் நன்கு ஊடுருவும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதிலிருந்து கிடைக்கும் சத்தால் பாசி செழித்து, நீரில் உயிர்வளியை நிறைக்கிறது. பாசியை உண்டு மீன்கள் வளர்கின்றன. கரையோரத்து ஆகாயத்தாமரை, அலை மோதி மண் சரியாமல் காக்கிறது. தெளிந்த நீர் பின்னர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. கழிவுநீரை எப்போது, எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்பதை மீனவர்கள் நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அறிகின்றனர். பல தலைமுறையாகக் கைவந்த இவ்வறிவு எந்தப் பொறியியல் நூலிலும் அன்று இடம்பெற்றிருக்கவில்லை. பெரும்பொருட்செலவில் சுத்திகரிப்பு நிலையம் செய்யவேண்டிய வேலையை இக்குளங்கள் செய்ததோடு, நகரத்தார்க்கு மீனும் அளித்துவந்தன.

இதனை உணர்ந்த கோஷ், அப்பகுதியை வரைபடத்தில் எல்லையிட்டுக் காட்ட முனைந்தார். பெயரும் எல்லையும் பெற்ற நிலத்தையே சட்டத்தால் காக்க இயலும். சதுப்பு நிலத்தை மேலும் நிரப்புவதற்கு 1992-இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் இதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

ஆயினும் விளிம்புகளில் குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவது ஓயவில்லை. மீன் தரும் வருவாய் மனை விலைக்கு ஈடாவதில்லை. ஒரு குளம் தூர்ந்தால் அதில் கூலிவேலை செய்தவர் பிழைப்பை இழக்கிறார். அக்குளம் தூய்மை செய்துவந்த கழிவுநீரோ நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது.