ஆலை மாமிசம்: தடையா, அடையாளமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த புளோரிடா மாகாணத்தின் கவர்னர் 2024ஆம் வருஷம் மே மாதம் 1ஆம் தேதி ஒரு மசோதாவில் கையொப்பமிட்டார். அதன் பயனாக அவ்வருஷம் ஜூலை மாதம் முதல் அம்மாகாணத்தில் ஒருவகை மாமிசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றங்களாயின. விற்றவருக்கு 60 நாள் வரை சிறைவாசமும் 500 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. விலங்கு, பறவை முதலியவற்றின் உயிரணுக்களை எடுத்து, அவற்றின் உடலுக்கு வெளியே, எஃகுத் தொட்டிகளில் வளர்த்தெடுக்கும் மாமிசமே இவ்வாறு விலக்கப்பட்ட பொருள். இதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, 2023 நவம்பரில், இத்தாலியப் பார்லிமெண்டு இதே போன்ற தடையை நிறைவேற்றி, மீறுவோருக்கு 10,000 யூரோ முதல் 60,000 யூரோ வரை அபராதம் என்று நிர்ணயித்தது. புளோரிடாவைப் பின்பற்றி அலபாமா தடை செய்தது. 2025ஆம் வருஷத்தில் மிஸ்ஸிஸிப்பி, மாண்டானா, நெப்ராஸ்கா ஆகிய மாகாணங்களும் அவ்வழியே சென்றன. இந்தியானாவும் டெக்ஸாஸும் இரண்டு வருஷத் தடை விதித்தன.

மாமிசம் புசியாத நேயர்கள், "இவ்விவகாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். ஆனால் இதில் அடங்கியிருக்கும் பிரச்னை கோழியைப் பற்றியது மட்டுமன்று. ஒருவர் உண்மையைச் சொல்லி விற்க, மற்றொருவர் உண்மையை அறிந்து வாங்கியுண்ண விரும்பும் ஓர் உணவைச் சர்க்கார் எந்தச் சந்தர்ப்பத்தில் விலக்கலாம் என்பதே பிரச்னை. கடைக்குச் சென்று உணவுப் பொருள் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் பொருள் இன்னதெனத் தெரிந்து கொள்வோம். உயிருள்ள பிராணியின் தசையிலிருந்தோ, முட்டைக் கருவிலிருந்தோ சில உயிரணுக்கள் எடுக்கப்படுகின்றன. சர்க்கரை, உப்புக்கள், வைட்டமின்கள், புரதத்தின் மூலக்கூறுகள் ஆகியவை கலந்த நீரில், உடலின் வெப்பத்துக்கு ஒத்த சூட்டில் அவை வைக்கப்படுகின்றன. அவை ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகுகின்றன. சில வாரங்களில் அவற்றை வடித்தெடுத்து, உருக்கொடுத்துச் சமைக்கிறார்கள். இது நேற்று உதித்த எண்ணமும் அன்று. முழுக் கோழியை வளர்க்காமல் வேண்டிய பாகத்தை மட்டும் வளர்த்துக் கொள்ளும் காலம் வரும் என்று 1931ஆம் வருஷத்திலேயே வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியரின் கைதியாகக் கிடந்து பட்டினியை அநுபவித்த வில்லெம் வான் ஏலன் என்ற டச்சுக்காரர், பிற்காலத்தில் இம்முறைக்குப் பேடண்டு உரிமை பெற்றார். 2013 ஆகஸ்டு 5ஆம் தேதி லண்டனில், மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்க் போஸ்ட் என்பவர் இவ்வாறு வளர்த்த மாட்டு மாமிசத்தைச் சமைத்துக் காட்டினார். அந்த ஒரு துண்டுக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ.

அதன் பிறகு சந்தை பிறந்தது. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் சர்க்கார், உலகத்திலேயே முதன்முதலாக, ஆலைக் கோழி மாமிசத்தின் விற்பனைக்கு அநுமதி அளித்தனர். 2023 ஜூனில் அமெரிக்க விவசாய இலாகா இரண்டு கம்பெனிகளுக்கு அநுமதி வழங்கிற்று. அவற்றுள் ஒன்றை 2015ஆம் வருஷத்தில் தோற்றுவித்தவர்களுள் முக்கியமானவர் டாக்டர் உமா வலேட்டி. விஜயவாடாவில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மர் வைத்தியக் கலாசாலையில் பயின்ற இருதய வைத்திய நிபுணர். 2024 ஜனவரியில் இஸ்ரேல் ஆலை மாட்டு மாமிசத்துக்கு அநுமதி தந்தது. 2025இல் ஆஸ்திரேலியா காடைக்குத் தந்தது.

ஆயினும் இச்சந்தையை வெள்ளம் என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவில் முதல் விற்பனை இரண்டொரு போஜன விடுதிகளில் மிகச் சிறிய அளவிலேயே நடைபெற்றது. 2021ஆம் வருஷத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் இத்தொழிலில் வந்து குவிந்த மூலதனம், 2023இல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2024 மே மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு மாமிசக் கடையில் பொட்டலமாக விற்பனைக்கு வந்த பண்டத்தில் ஆலையில் வளர்ந்த கோழி 3 சதவிகிதமே. எஞ்சியது பெரும்பாலும் தாவரப் பொருள். இவ்வளவு இளைய, இவ்வளவு மெலிந்த ஒரு தொழிலைக் கண்டு இத்தனை சட்டசபைகள் ஏன் அஞ்சவேண்டும்?

தடைக்குக் கூறப்படும் காரணங்கள் மூன்று. ஜனங்களின் ஆரோக்கியம் முதலாவது. இவ்வகை உணவினால் நேரக்கூடிய அபாயங்களை ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து 2023இல் அறிக்கை வெளியிட்டன. கிருமி கலத்தல், ஒவ்வாமை முதலிய அபாயங்களுள் பெரும்பாலானவை சாதாரண உணவுகளிலும் உள்ளவையே என்றும், ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கையிலிருந்து விளங்குகிறது. பரிசோதனைக்கு வேண்டிய நியாயம் இது. பரிசோதிக்காமலே விலக்குவதற்கு இதில் ஆதாரம் இல்லை. உலகச் செல்வச் சீமான்கள் இதை ஜனங்களின் மீது திணிக்கப் பார்க்கிறார்கள் என்பது புளோரிடா கவர்னர் கூறிய காரணம். கடையில் ஒரு பொட்டலம் இருப்பதனால் யார் வாயிலும் எதுவும் திணிக்கப்படுவதில்லை. விரும்பியவன் வாங்கக் கூடாது என்று ஜெயில் தண்டனை விதிப்பதில்தான் பலாத்காரம் இருக்கிறது. கால்நடை வளர்ப்போரின் ஜீவனம் கெடும் என்பது மூன்றாவது காரணம். உண்மையான காரணம் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வழக்கு அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1869ஆம் வருஷத்தில் பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின் பேரில் மேஜ் மூரியே என்ற ரசாயன நிபுணர், வெண்ணெய்க்குப் பதிலாக மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரீன் என்ற பண்டத்தைச் செய்தார். அது அமெரிக்காவில் புகுந்ததும் பால்பண்ணைக்காரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1886இல் மத்திய சர்க்கார் அதற்கு ராத்தலுக்கு 2 சென்ட் வரி போட்டனர். பென்ஸில்வேனியா மாகாணம் முற்றிலும் தடை செய்தது. அங்கே பவல் என்ற வியாபாரி மார்கரீனை மார்கரீன் என்றே சொல்லி விற்றார். வாங்கியவரும் அறிந்தே வாங்கினார். தமது பண்டம் தூய்மையானது, உடலுக்குத் தீங்கற்றது என்று ருசுப்படுத்துவதற்கு அவர் சாட்சியம் கொண்டு வந்தபோது, அது அநாவசியம் என்று கோர்ட்டு மறுத்துவிட்டது. 1888இல் சுப்ரீம் கோர்ட்டும் அத்தடையை ஊர்ஜிதம் செய்தது. சட்டம் பிசகானதாயின் ஜனங்கள் சட்டசபையிடம் முறையிடட்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பு. நல்ல உணவைத் தேடிப் பெறும் உரிமையும் மனிதனுடைய சுதந்திரத்தில் அடங்கியது என்று ஜஸ்டிஸ் பீல்ட் என்பவர் மாத்திரம் மாறுபட்டு எழுதினார்.

பத்து வருஷங்களில் காற்று சற்றுத் திரும்பியது. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம் ஒரு விந்தையான சட்டம் செய்திருந்தது. மார்கரீனை விற்கலாம், ஆனால் அதற்கு ரோஜா நிறம் ஏற்றித்தான் விற்கவேண்டும் என்பது அதன் ஷரத்து. பார்த்தவன் அருவருத்து ஓட வேண்டும் என்பதே நோக்கம். இது மறைமுகமான தடையே என்று 1898இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஆயினும் மஞ்சள் நிறம் ஏற்றலாகாது என்ற சட்டங்கள் பல மாகாணங்களில் நீடித்தன. இல்லத்தரசிகள் வெள்ளை மார்கரீனை வாங்கி, கூடவே வந்த சாயத்தை வீட்டில் பிசைந்து சேர்த்துக் கொண்டார்கள். மத்திய சர்க்காரின் வரி 1950இல் நீங்கியது; விஸ்கான்ஸின் மாகாணத்தின் நிறத்தடை 1967இல்தான் நீங்கியது. எண்பது வருஷங்கள் நடந்த இப்போரினால் வெண்ணெய்க்காரர் மார்கரீனை ஒழிக்கவும் இல்லை. மார்கரீன் வந்ததனால் வெண்ணெய் மறையவும் இல்லை. வீணான செலவும் தொல்லையும் வாங்கிப் புசித்த ஜனங்களுக்கே வந்து சேர்ந்தன.

இப்பொழுது அதே நாடகம் மறுபடியும் அரங்கேறியிருக்கிறது. டாக்டர் வலேட்டியின் கம்பெனி 2024 ஆகஸ்டில் புளோரிடாவின் மீது தாவா தொடர்ந்தது. மாகாணங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்தில் ஒரு மாகாணம் தன் ஊர் வியாபாரிகளுக்குச் சலுகை காட்டி வெளியூராரைத் தடுக்கலாகாது என்பது வாதங்களுள் ஒன்று. மற்ற வாதங்கள் தள்ளுபடியான போதிலும், இந்த ஒன்றை 2025 ஏப்ரலில் நீதிபதி விசாரணைக்கு ஏற்றுக் கொண்டார். முடிவு எதுவாயினும், உள்நாட்டுப் போட்டியாளருக்குப் பாதுகாப்பா, பொதுஜன ஆரோக்கியமா என்று தடையின் உள்நோக்கத்தைக் கோர்ட்டு ஆராய முற்பட்டிருப்பது நல்ல அறிகுறியே.

தடை வேண்டாமெனின், ஏமாற்றத்துக்கு என்ன பரிகாரம்? இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வனஸ்பதி நம் சந்தைக்கு வந்தபோது எழுந்த கூச்சலை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதை அடியோடு விலக்க வேண்டும் என்று பலர் வாதாடினர். நெய்யில் அதைக் கலந்து விற்ற மோசமே ஜனங்களின் உண்மையான குறை. அதற்கு நம் சர்க்கார் கண்ட வழி மிகவும் சாதுரியமானது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதி செய்தார்கள். நல்லெண்ணெயில் உள்ள ஒரு சத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்பியூராலும் சேர்ந்தால் ரோஜா நிறம் காட்டும். சுத்தமான நெய்யில் அந்நிறம் தோன்றாது. வனஸ்பதியை வனஸ்பதி என்று விற்பவனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நெய் என்று விற்பவன் பரிசோதனைக் குழாயில் அகப்பட்டுக் கொள்வான். நியூ ஹாம்ப்ஷயரார் யோக்கியனான வியாபாரியின் சரக்கின் மேல் ரோஜா நிறத்தைப் பூசினார்கள். நாமோ மோசக்காரனுடைய சரக்கில் மட்டும் அந்நிறம் வெளிப்படும்படி செய்தோம். இவ்விரண்டில் எது நீதி என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

ஆலை மாமிசத்துக்கும் இவ்வித அடையாளமே வேண்டும். எந்தப் பிராணியின் உயிரணு, அது எப்படி எடுக்கப்பட்டது, எந்தத் தீனியில் வளர்ந்தது, பொட்டலத்தில் அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற நான்கு விவரங்களும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கவேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. ஆரம்ப காலத்தில் உயிரணுக்களை வளர்ப்பதற்கு, கொல்லப்பட்ட சினைப் பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையே உபயோகித்தார்கள். ஜீவஹிம்சை இல்லாத மாமிசம் என்று எண்ணி இதை வாங்குபவனுக்கு அவ்விஷயம் தெரியவேண்டாமா? சீரம் இல்லாமல் வளர்க்கும் முறைக்குச் சிங்கப்பூர் 2023 ஜனவரியில் அநுமதி தந்தது; எது எம்முறையில் வளர்ந்தது என்பதைப் பொட்டலம் சொன்னாலன்றி வாங்குபவனுக்கு வேறு வழியில்லை. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய மார்க்க சபையின் பத்வாக் குழு, உண்ணத்தகுந்த பிராணியின் உயிரணுவாயிருந்து மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் இது ஹலாலாகலாம் என்று தீர்ப்புக் கூறிற்று. மதக் கட்டுப்பாடு உடையவர்க்கும், கொல்லாமை விரதம் உடையவர்க்கும் ஒருங்கே தேவைப்படுவது உண்மை விவரம்.

கால்நடை வளர்ப்போரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆடுமாடுகளையும் கோழிகளையும் வளர்த்து ஜீவிக்கும் ஏழைக் குடியானவன் கோடிக்கணக்கில் உள்ள நாடு நம்முடையது. ஒரு தெருவில் யாரும் கோழி வளர்க்கலாம். உயிரணுவும் தீனியும் பேடண்டு உரிமைக்குள் அடைபட்டால், அதை வளர்க்கும் சக்தி சில கம்பெனிகளிடமே தங்கிவிடும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் தடை இதற்கு மருந்தாகாது. ஒரு நாடு தடுத்தால் வேறொரு நாட்டில் அத்தொழில் வளரும். தடுத்த நாடு பிற்காலத்தில் அதே அறிவை விலை கொடுத்து வாங்க நேரும். பொது ஸ்தாபனங்கள் இவ்வறிவைத் தேடிப் பொதுச் சொத்தாக்குவதே தக்க மருந்து. 1947இல் நிறுவப்பெற்று, 1971 வரை நமது மண்டபம் கடற்கரையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இப்பொழுது கொச்சியில் இருந்து கொண்டு, 2024 ஜனவரியில் ஒரு தனிக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்து, வஞ்சிரம், வாவல் முதலிய மீன்களின் மாமிசத்தை இம்முறையில் வளர்க்கும் ஆராய்ச்சியில் இறங்கியது. இதை நாம் வரவேற்கிறோம். பொதுப் பணத்தில் விளையும் முடிவுகள் பொதுஜனங்களுக்கும், முக்கியமாக மீனவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் எட்டும்படி உடன்படிக்கைகளின் ஷரத்துக்கள் அமைய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நம் நாட்டில் இத்தகைய புது உணவுகள் 2017ஆம் வருஷத்து விதிகளின்படி முன் அநுமதி பெற்ற பிறகே விற்பனைக்கு வரலாம். ஆகவே அவசரச் சட்டம் செய்து கதவை அடைக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. விண்ணப்பம் வரும்போது அதிகாரிகள் பண்டத்தைக் கண்டிப்பாகப் பரிசோதிக்கட்டும். பரிசோதனையின் முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடட்டும். அடையாளத்தைத் தெளிவாக விதிக்கட்டும். பொய் அடையாளம் இட்டவனைத் தயை தாக்ஷண்யமின்றித் தண்டிக்கட்டும். அதற்குப் பின் அதை உண்பதா, தள்ளுவதா என்பதை அவரவர் நாவும் மனச்சாட்சியும் முடிவு செய்து கொள்ளும். சர்க்காரின் கடமை அவ்வளவோடு முடிகிறது.