நாயகன் ஒருவன், படைத்தோர் பலர்

சித்திரைத் திருவிழாவில் வைகையாற்றில் எழுந்தருளும் கள்ளழகர், அன்றிரவு மதுரையை அடுத்த வண்டியூரில் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகின்றார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கின்றார். அதன்பின் இரவில் இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி நிகழ்கின்றது. மச்சம், கூர்மம், இராமர், கிருஷ்ணர் என விடியும்வரை கோலங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. கூடியிருக்கும் மக்களோ எக்கோலத்திலும் அழகரையே காண்கின்றனர்.

கதை மாந்தருக்கும் இத்தகைய கோலமாற்றம் உண்டு. ஆனால், அங்கே கோலத்தோடு உள்ளமும் பிறப்பும் மாறிவிடுதல் கூடும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகார் நகரத்து வணிகர் குலமகள். பாண்டியன் அவையில் வழக்குரைத்து வென்றவள். இலங்கையில் சிங்கள மக்கள் போற்றும் பத்தினித் தெய்வத்தின் கதையிலோ, அவள் பாண்டியனின் தோட்டத்தில் ஒரு மாங்கனியினின்று பிறக்கின்றாள். சிலம்பும் எரிந்த மதுரையும் இரண்டிற்கும் பொது. ஏனையவை சொல்வோர்க்கேற்ப வேறுபடுகின்றன.

பழங்கதைகளில் நிகழ்ந்த இம்மாற்றம் இக்காலப் படக்கதைகளிலும் நிகழ்கின்றது. மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசி, அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் வாயிலாகத் தமிழ்ச் சிறுவர்களின் உள்ளங்கவர்ந்தவன் இரும்புக்கை மாயாவி. இவன் 1962ஆம் ஆண்டில் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் பிறந்தவன். கென் புல்மர் எழுத, ஜீஸஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற லூயி கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தவுடன் மறைந்துவிடுவான். அக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் குற்றங்கள் புரிந்த அவன், பின்வந்த கதைகளில் நாட்டைக் காக்கும் இரகசிய உளவாளி ஆனான். பிற்காலக் கதைகளை எழுதியவர் டாம் டல்லி.

இந்நாயகனின் ஆங்கிலப் பெயர் ‘எஃகு நகம்’ எனப் பொருள்படும். அப்பெயரைக் கேட்டவுடன் பற்றிக் கிழிக்கும் விலங்கின் நினைவே எழும். தமிழில் அவனுக்கு மாயாவி எனப் பெயரிட்டனர். மறைந்தும் தோன்றியும் வியப்பூட்டும் மாயக்காரனை நாட்டுக்கதைகளில் கேட்டிருந்த தமிழ்ச் சிறுவர்க்கு அப்பெயர் அச்சத்தைவிட வியப்பையே மிகுதியாகத் தந்தது. மொழிபெயர்ப்பாளரின் கையும் நாயகனை மாற்றவல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று.

எழுத்தாளர் மாறுவதால் நாயகன் மாறுவதை இன்னும் தெளிவாகக் காட்டுபவன் ஸ்பைடர். 1984ஆம் ஆண்டில் சிவகாசியில் தொடங்கப்பெற்ற லயன் காமிக்ஸ் அவனைத் தமிழ்நாட்டில் புகழ்பெறச் செய்தது. அவனுடைய முதற்கதை 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை எழுதியவர் டெட் கோவன். அவர் படைத்த ஸ்பைடரின் நோக்கம் ஒன்றே. குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக வேண்டும் என்பது அது. அடுத்த ஆண்டு எழுதும் பொறுப்பு அமெரிக்கரான ஜெர்ரி சீகலிடம் சென்றது. அவர் கையில் ஸ்பைடர் குற்றவாளிகளை எதிர்ப்பவன் ஆனான். கரிய உடையும், கூரிய காதுகளும், வலை வீசும் துப்பாக்கியும் மாறவில்லை. அவனுடைய தற்பெருமையும் குறையவில்லை. திருடுவதில் தனக்கு நிகரில்லை எனச் செருக்கியவன், திருடரைப் பிடிப்பதிலும் தனக்கு நிகரில்லை எனச் செருக்கினான்.

சீகல் இவ்வாறு செய்தது முதன்முறை அன்று. 1933ஆம் ஆண்டில் சூப்பர்மேன் என்னும் பெயரில் அவர் முதலில் படைத்தவன், உலகை ஆள விழைந்த ஒரு தீயவனே. பின்னர் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். நண்பர் ஜோ ஷஸ்டர் படம் வரைய, 1938ஆம் ஆண்டில் வெளிவந்த சூப்பர்மேன் எளியோரைக் காப்பவனாக விளங்கினான். அமெரிக்காவில் வறுமையும் வேலையின்மையும் மிகுந்திருந்த காலம் அது. ஆகவே, பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிய முதலாளிக்கும் அவன் பாடம் கற்பித்தான். அக்காலத்தில் அவனுக்குத் தாவ மட்டுமே தெரியும். பறக்கும் ஆற்றல் பின்னர் வந்தது. 1939ஆம் ஆண்டில் தோன்றிய பேட்மேனும் இவ்வாறே பல கைகளில் மாறினான். 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் நகைப்பூட்டியவன், 1986ஆம் ஆண்டில் பிராங்க் மில்லர் எழுதிய கதையில் முதுமையும் கசப்பும் நிறைந்தவனாகக் காட்சியளித்தான்.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். நாயகனை அடையாளம் காட்டும் உடை, கருவி, பெயர் ஆகியவற்றை ஓர் எழுத்தாளர் மற்றவரிடமிருந்து பெறுகின்றார். ஆனால், “இவ்வாற்றல் எதற்குப் பயன்பட வேண்டும்?” என்னும் வினாவிற்கு ஒவ்வொருவரும் தாமே விடை காண வேண்டியவராகின்றார். அவ்விடையே நாயகனின் உயிர்.

இவ்வுயிரைத் தந்தவர்களோ நெடுங்காலம் மறைந்தே இருந்தனர். மாயாவியும் ஸ்பைடரும் தோன்றிய ஆங்கில வார இதழ்களில் அக்காலத்தில் படைத்தோர் பெயர்கள் அச்சிடப்படுவதில்லை. சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்ட சீகலும் ஷஸ்டரும், தம் பெயர் மீண்டும் அக்கதைகளில் இடம்பெறவும் ஆண்டுதோறும் உதவித்தொகை பெறவும் 1975ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நாயகன் திருந்தினான் எனச் சிறுவர் மகிழ்ந்தபோது, உண்மையில் மாறியது எழுதிய கையே என்பதை அறிந்தோர் சிலரே.

மாயாவி மறைந்தபோதும் அவனுடைய கை கண்ணுக்குத் தெரிந்தது. நாயகர்களைப் படைத்தவர்களுக்கோ அக்கையும் மறைந்திருந்தது. கதையைப் படித்து இன்புறுவதோடு நில்லாமல், அதனை எழுதியவர் யார், எக்காலத்தவர், எதனை வீரம் எனக் கருதினார் என்று வினவி அறிபவரே நல்ல வாசகர் ஆவர்.