துச்சாதனன் ஏன் கற்பூரம் ஏற்றுகிறான்?

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மராட்டிய ராணுவக் கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு, "தேசிங்குராஜா கோட்டையா?" என்று திருத்திவிட்டு வழி சொல்வார்கள்.

யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது மட்டும்தான். ஆவணத்தில் பிழை கிடையாது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகைக்குள் சிக்கிக்கொண்டே பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த கோட்டை. ஆனால் ஊரார் மனத்தில் சிவாஜிக்கு அவ்வளவு இடமில்லை. அங்கே குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர், 1714-ல் சில மாதங்களே ஆண்டு, அந்த அக்டோபரிலேயே ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்துபோன ஓர் இளைஞர். பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அவருக்கு நாலு வார்த்தை தமிழ் வந்திருக்குமா என்பதே சந்தேகம். அவரைத் 'தேசிங்கு' ஆக்கித் தமிழ் பேச வைத்தது கதைப்பாடல். மிச்சத்தை 1960-ல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் பார்த்துக்கொண்டார்.

செஞ்சிக் கல்லுக்கும் இதே கதிதான். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற வேலைப்பாடுள்ள தூண்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். கோயிலுக்கென்று செதுக்கிய தூண் காந்திக்குக் காவல் நிற்கிறது. கல் மாறவில்லை, அர்த்தம் மட்டும் இடம் மாறிவிட்டது.

பொருள் ஒன்று, அதன் பெயர் ஒன்று, பார்ப்பவர் மனத்தில் பதிவது இன்னொன்று. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள சந்துபொந்துகளில்தான் நவீன ஓவியர்கள் பலர் நூறு வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1929-ல் புகைக்குழாய் ஒன்றை அச்சு அசலாக வரைந்து, அடியிலேயே 'இது புகைக்குழாய் அல்ல' என்று எழுதிவைத்தார். உண்மைதானே, அதில் புகையிலை அடைக்க முடியாது.

நம் பக்கத்தில் இந்த விளையாட்டை வேறு விதமாக ஆடியவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். 1963-ல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றால், பழைய ஜாதகக் கட்டைப் பிரித்து வைத்ததுபோல இருக்கும். கட்டங்கள், எண்கள், நுணுக்கி நுணுக்கி எழுதிய வரிகள். மலையாளம்போலத் தெரியும். கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால் ஒரு சொல்கூடக் கூடிவராது. எழுத்தின் தோற்றம் முழுசாக இருக்கிறது, அர்த்தத்தை மட்டும் காணோம். ஜோசியர் மடியில் விரித்த ஓலையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல: ஒன்றும் புரியாது, ஆனால் நம் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது என்று பயமாக இருக்கும்.

தானே வேஷம் கட்டிப் படத்தில் நிற்கும் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து செய்த 'தென்னிந்தியாவின் பூர்வகுடிப் பெண்கள்' வரிசையில் (2000–2004) ரவிவர்மாவின் லட்சுமி, போலீஸ் படம்போல நிற்கும் பெண், வெள்ளைக்கார ஆய்வாளர்கள் கட்டம்போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி அளவெடுத்த தோடர் பெண் எல்லாமே அவர்தான். ஒரே உடம்பு. சட்டகம் மாறியதும் தெய்வம், குற்றவாளி, ஆராய்ச்சிப் பொருள் என்று நம் கண் தானாகவே பிரித்துக்கொள்கிறது. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்ஸியால் 2014-ல் கொச்சி பியனாலேயில் வைத்த கிறிஸ்தவ உருவங்கள் பார்வைக்கு மரச்சிற்பம். உள்ளே இருப்பது சாம்பிராணி, மூலிகை, வாசனைச் சரக்கு. கண் சொல்வதை மூக்கு மறுக்கிறது.

சரி, இதற்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

கோட்டைக்கு வடமேற்கே, 'பழைய செஞ்சி' எனப்படும் மேலச்சேரி இருக்கிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தலைமை இடமாகக் கருதப்படும் கோயில் அங்கேதான். அஸ்தினாபுரத்துப் பாஞ்சாலி, செஞ்சி அரசனுக்கு உதவ இங்கே மறுபடி தோன்றினாள் என்பது ஊர்க்கதை. அம்மனுக்குக் காவல் நிற்பவர்களில் முத்தால ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலின் தலைப்பிலேயே செஞ்சியையும் குருட்சேத்திரத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்.

இந்த வட்டாரத்தில் 'பாரதம் வைத்தால்' பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை அதிர ஆடுவான். தலையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். பாட்டைக் கவனித்தால் ஒரு வினோதம்: 'நான் வந்தேன்' என்று பாடமாட்டான், துரியோதன ராஜன் வந்தான் என்று தன்னைத் தானே படர்க்கையில் பாடுவான். வேஷம் போட்ட ஆளும் வேஷமும் ஒரே வாயில் பேசுகிறார்கள். நடுவில் கட்டியக்காரன் புகுந்து அஸ்தினாபுரத்தில் உள்ளூர் வம்பைப் பேசிச் சிரிக்கவைப்பான்.

துகிலுரிதல் அன்று அந்தச் சிரிப்பு நின்றுவிடும். பாஞ்சாலியாக நிற்பவர் ஆண்தான், வேஷம் கட்டியவர்தான். ஊருக்கே அது தெரியும். இருந்தும் அந்தச் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, துச்சாதன வேஷக்காரர் அம்மனைக் கும்பிடுகிறார், கற்பூரம் எரிகிறது. மன்னிப்பு கேட்பது நடிகர், அடுத்த நிமிஷம் உறுமுவது துச்சாதனன். கோடு எங்கே என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது. சில இரவுகளில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அருள் வந்துவிடும்.

அர்ச்சுனன் தபசில் உயரமான மரக்கம்பத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் காத்திருப்பார்கள். பதினெட்டாம் போரன்று களிமண்ணில் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்கவைத்து, பீமன் தொடையில் அடிக்க, 'ரத்தம்' தெறிக்கும். அம்மன் கூந்தலை முடிவாள். மண் என்பது தெரியாதவர் யாருமில்லை.

ந. முத்துசாமி நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்தபின் அவர் எண்ணமே திசைமாறியது; 1977-ல் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்தது. கூத்திலிருந்து அவர் நாடகத்துக்கு வழி கண்டார் என்பதற்காக, 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்டத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு காரியங்கள். பணிக்கரின் ஓவியம் நம்மை அந்தச் சந்தில் நிறுத்தி, தவிக்கவிட்டுவிட்டுப் போய்விடுகிறது. கூத்து அதே சந்தில் கற்பூரம் ஏற்றி, கைபிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போய், விடிந்ததும் கொண்டுவந்து விடுகிறது. அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீ குடிக்க வரும் துரியோதனனிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் சீசன். எந்த ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று செஞ்சி டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். துகிலுரிதல் பின்னிரவில்தான் வரும், அதற்குள் தூங்கிவிடாதீர்கள்.