பறக்க வைத்த பதில் கடிதம்

2004-ஆம் ஆண்டுக்கு முன் அச்சான தருமபுரி மாவட்ட வரைபடம் உங்கள் பள்ளியில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் இதே மாவட்டத்தில்தான் இருந்தன. வரைபடத்தின் வடமேற்கு மூலையில், ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில், பேளகொண்டப்பள்ளி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1990-களில் ஒரு விமான ஓடுதளமும், தனேஜா நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலையும் எழுந்தன. இந்தியாவில் இராணுவம் சாராத விமானங்களைத் தயாரிக்க முன்வந்த முதல் தனியார் நிறுவனம் அதுதான்.

அங்கே உருவான விமானங்களில் ஒன்றின் பெயர் ஹன்சா. ஹன்சா என்றால் அன்னம். இருவர் மட்டுமே உட்காரக்கூடிய சிறிய பயிற்சி விமானம் அது. இந்த அன்னத்துக்கு ஒரு நீண்ட குடும்ப வரலாறு உண்டு. அதில் மேதைகள் வருகிறார்கள். ஆனால் அவர்களைவிட முக்கியமாக, முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதியவர்கள் வருகிறார்கள். பதில் எழுதுவது நின்று போனபோது நேர்ந்த இழப்பும் வருகிறது. அந்த வரலாற்றைப் பார்ப்போமா?

சைக்கிள் கடைக்காரரின் கடிதம்

1899-ஆம் ஆண்டு மே 30. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திவந்த வில்பர் ரைட், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறப்பதைப் பற்றி இதுவரை வெளிவந்த கட்டுரைகள் வேண்டும், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் வேண்டும் என்று கேட்டார். அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். அவர் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டதும் இல்லை.

பறக்கும் இயந்திரம் செய்யப் போகிறேன் என்று சொன்னவர்களைப் பார்த்து உலகம் நகைத்த காலம் அது. அந்தக் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் சில நாட்களிலேயே பதில் வந்தது. சிறு நூல்கள் சிலவும், படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலும் அதனுடன் இருந்தன.

அந்தப் பட்டியலில் ஆக்டேவ் சானூட் எழுதிய நூலும் ஒன்று. சானூட் ஒரு ரயில்வேப் பொறியாளர். பறக்க முயன்றவர்கள் செய்தது என்ன, அது எங்கே தவறியது என்பதையெல்லாம் திரட்டி 1894-இல் அந்த நூலை வெளியிட்டார். 1900 மே மாதத்தில் வில்பர் அவருக்கும் எழுதினார். அறுபது வயதைக் கடந்த சானூட் உடனே பதில் எழுதினார். பிறகு பத்தாண்டுகளில் இருவருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கடிதங்கள் போய் வந்தன.

தவறான எண்ணைப் பிடித்தது எப்படி?

1901-இல் வில்பரும் தம்பி ஆர்வில்லும் செய்த கிளைடர் அவர்களை ஏமாற்றிவிட்டது. கணக்கின்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஏன்?

அவர்கள் பயன்படுத்திய அட்டவணை ஜெர்மானியரான ஓட்டோ லிலியென்தால் வெளியிட்டது. லிலியென்தால் 1896-இல் தமது கிளைடரிலிருந்து விழுந்து இறந்தவர். தம் அளவீடுகளை மறைத்து வைக்காமல் அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்த அட்டவணையோடு சேர்த்துப் பயன்படுத்திய ஓர் எண் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட உதவுவது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் அதை 0.005 என்றே எடுத்துக்கொண்டார்கள். சரியான மதிப்போ சுமார் 0.0033 தான்! ஒன்றரை மடங்கு பெரிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் விமானம் எப்படி மேலே எழும்பும்?

மனம் சோர்ந்திருந்த வில்பரைச் சிகாகோவுக்கு வந்து பொறியாளர்கள் முன் பேசும்படி அழைத்தவர் சானூட். அறிஞர்கள் கூடும் சபையில் லிலியென்தாலின் அட்டவணையைக் குறை சொல்வதென்றால் சும்மா சொல்லிவிட முடியுமா? சோதித்துப் பார்த்தாக வேண்டும். சகோதரர்கள் மரத்தால் சுமார் ஆறடி நீளமுள்ள பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் விசிறியால் காற்றைச் செலுத்தினார்கள். அதுதான் அவர்களுடைய காற்றுச் சுரங்கம். ஏறக்குறைய இருநூறு சிறு இறக்கை வடிவங்களை அதில் வைத்துச் சோதித்தார்கள். அந்த அளவீடுகளின் பயனாக 1902-இல் நல்ல கிளைடர் பிறந்தது. 1903 டிசம்பர் 17 அன்று முதல் விமானம் 12 விநாடி பறந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லிலியென்தால் தம் அட்டவணையை வெளியிட்டதால்தான் மற்றவர்கள் அதைச் சோதிக்க முடிந்தது. மறைத்து வைத்த தவறை யாராலும் திருத்த முடியாது.

நட்பு முறிந்தது

உதவி பெற்று வளர்ந்த ரைட் சகோதரர்கள் பிறகு என்ன செய்தார்கள்? கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1906-இல் காப்புரிமை பெற்றார்கள். 1909-இல் கிளென் கர்ட்டிஸ் என்ற மற்றொரு விமானக் கலைஞர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டதை வேறொருவர் எடுத்து விற்றால் யாருக்குத்தான் வலிக்காது? சானூட்டின் எண்ணம் வேறு. பறக்கும் கலை எல்லோருக்கும் பொதுச் சொத்து என்று அவர் நம்பினார்.

1910 ஜனவரியில் இருவரும் ஒருவரை ஒருவர் குறைகூறிக் கசப்பான கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது, புகழ் யாருக்கு உரியது என்ற கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் சானூட் காலமானார். பழைய நட்பு திரும்பவில்லை. அவர் மறைந்த பிறகு வில்பர் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். ஆனால் அதைப் படிக்கச் சானூட் இல்லை. வில்பரும் 1912-இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார்.

வழக்குகள் மட்டும் ஓயவில்லை. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோதுதான், எல்லாக் காப்புரிமைகளையும் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. விமானம் பிறந்த நாட்டின் விமானிகள் அந்தப் போரில் பெரும்பாலும் பிரெஞ்சு, பிரிட்டிஷ் விமானங்களில் பறக்க வேண்டியிருந்தது!

புகழ்ச்சியும் ஆபத்தே

அப்படியானால் எல்லோரும் எப்போதும் இனிமையாகவே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? போதாது. இதற்கும் ஒரு கதை உண்டு.

1933-இல் ஹென்றி மிஞ்ஞே என்ற பிரெஞ்சுக்காரர், யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய குட்டி விமானம் ஒன்றை வடிவமைத்தார். அதன் செல்லப்பெயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’. செய்முறையைப் புத்தகமாகவும் வெளியிட்டார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் இளைஞர்கள் உற்சாகமாகக் களத்தில் இறங்கினார்கள். எங்கும் ஒரே புகழ்ச்சி!

ஆனால் 1935, 1936-ஆம் ஆண்டுகளில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாகப் பாய்ந்து விழுந்தன. உயிர்கள் போயின. முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு இறக்கைகளும் மிக நெருக்கமாக அமைந்திருந்தன. மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் விமானம் நிமிராது என்று தெரிந்தது.

‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவது உதவி அல்ல. ‘இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று மரியாதையோடு சொல்வதே உதவி.

நுரையும் கண்ணாடி இழையும்

வீட்டில் விமானம் செய்பவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1953-இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. அனுபவசாலிகள் பணம் வாங்காமல் புதியவர்களின் கொட்டகைக்கே போய் வேலையைப் பார்வையிடும் வழக்கம் அதில் ஏற்பட்டது. இறக்கையை மூடி ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது அல்லவா? ஆகவே மூடுவதற்கு முன்பே இன்னொருவர் பார்க்க வேண்டும்.

பர்ட் ரூட்டன் என்ற பொறியாளர் 1970-களில் ஒரு புதுமுறையைக் கொண்டுவந்தார். நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் வெட்டுவது. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசின் தடவி ஒட்டுவது. நீங்கள் தெர்மாகோலை வெட்டுவதைப் போலத்தான்! லேசான, உறுதியான இறக்கை தயார். அவருடைய விமானங்களில் சிறிய இறக்கை முன்னாலும் பெரிய இறக்கை பின்னாலும் இருக்கும். இந்த அமைப்புக்குப் பிரெஞ்சு மொழியில் ‘கனார்ட்’, அதாவது வாத்து, என்று பெயர்.

ரூட்டன் வரைபடங்களை விற்றதோடு நிற்கவில்லை. ஒரு செய்தி மடலும் நடத்தினார். வரைபடத்தில் உள்ள பிழைகள், செய்பவர்களின் சந்தேகங்கள், விபத்துகள் எல்லாம் அதில் வந்தன. மழையில் பறக்கும்போது சிலருடைய விமானங்களின் மூக்கு கீழே சாய்ந்தது. மழைத்துளிகள் படிந்த முன்னிறக்கையின் மேல் காற்று வழுக்கிச் செல்லாமல் பிரிந்துபோனதால் தூக்குவிசை குறைந்தது. பறந்தவர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். பின்னர் முன்னிறக்கைக்கே புதிய வடிவம் கிடைத்தது.

1985-இல் ரூட்டன் வரைபட விற்பனையை நிறுத்தினார். விபத்து நேர்ந்தால் வழிகாட்டியவர் மீதே வழக்கு வரக்கூடும் என்ற அச்சமும் அதற்குக் காரணம்.

பெங்களூர் வழியாக ஓசூருக்கு

ஆனால் வெளியே வந்துவிட்ட அறிவு அங்கேயே நிற்குமா? ரூட்டனின் ‘லாங்-ஈஸீ’ விமானத்தின் வடிவமைப்பைக் கொண்டு, பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் ஓர் ஆராய்ச்சி விமானத்தை உருவாக்கியது. அது 1987-இல் பறந்தது. உலோகத்துக்குப் பதிலாகக் கண்ணாடி இழையால் விமானம் செய்யும் பழக்கம் நம் பொறியாளர்களின் கைகளுக்கு வந்தது. அடுத்து அவர்கள் சொந்தமாகவே ஒரு விமானத்தை வடிவமைத்தார்கள். 1993-இல் அது முதன்முதலாகப் பறந்தது. அதுதான் ஹன்சா! வாத்து வழிகாட்ட, அன்னம் பறந்தது. பின்னர் அந்த அன்னத்தை உருவாக்கும் பணி பேளகொண்டப்பள்ளிக்கும் வந்தது.

மனம் ஏன் மாறுகிறது?

இன்றும் விமான மாதிரி செய்பவர்கள், டிரோன் செய்பவர்கள், ரேடியோ ஆர்வலர்கள் என்று எந்தக் குழுவை எடுத்துக்கொண்டாலும் ஒரு மாற்றத்தைக் காணலாம். தொடக்கத்தில் பத்துப் பேர். எல்லோரும் புதியவர்கள். எல்லோரும் உதவுவார்கள். ஆண்டுகள் செல்லும். புதிதாக வருபவர் கேட்கும் கேள்வி, பழையவர் நூறு முறை பதில் சொன்ன கேள்வியாக இருக்கும். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று எரிந்து விழுவார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்தவரும் அதைப் பார்த்துக் கேட்காமலே இருந்துவிடுவார்.

கேள்வி பழையது, கேட்பவர் புதியவர். இதை மறந்தால் என்ன ஆகும்? கேட்கத் தயங்கியவர் பிசினைத் தவறான அளவில் கலப்பார். இறக்கையை மூடி வர்ணமும் பூசிவிடுவார். அந்தத் தவறு வானத்தில்தான் வெளிப்படும். விமானம் செய்வோரிடையே பணிவான பேச்சு வெறும் நாகரிகம் அன்று. திருகாணியையும் பிசினையும் போல அதுவும் ஒரு பாதுகாப்புச் சாதனம்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. வில்பரின் கடிதத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். ‘எனக்கு ஒரு விமானம் செய்து கொடுங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. ‘எதைப் படிக்க வேண்டும்?’ என்றுதான் கேட்டார்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து தடித்த காகிதத்தில் ஒரு கிளைடர் செய்யுங்கள். மூக்கில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே உயரத்திலிருந்து ஐந்து முறை எறியுங்கள். பறந்த தூரங்களின் சராசரியைக் குறியுங்கள். கிளிப்பை ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பின்னால் நகர்த்தி மீண்டும் எறியுங்கள். எந்த இடத்தில் மூக்கு மேலே தூக்கிப் பிறகு விழுகிறது? எங்கே நேராகச் செல்கிறது? மோசமாக விழுந்தவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

பிறகு அந்தக் குறிப்பேட்டை ஒரு வகுப்பு கீழே படிக்கும் மாணவர்களிடம் கொடுங்கள். குறிப்பை மட்டுமே படித்து அவர்கள் அதே கிளைடரைச் செய்யட்டும். அவர்களால் முடியவில்லையா? சிரிக்காதீர்கள். உங்கள் குறிப்பில் எந்த வரி புரியவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.