பி.எட் இல்லாத 'அக்ரி' வாத்தியார்... பாடம் நடத்த முடியுமா?

மரவள்ளிக் குருத்து சுருண்டு கொத்தாக நிற்கிறது. இலையைத் திருப்பினால் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. சேலம், நாமக்கல் பக்கம் கடந்த சில வருடங்களாக விவசாயிகளைப் படுத்தி எடுக்கும் காட்சி இது. பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை படிக்கும் மாணவி, அப்பாவின் காட்டில் பார்த்த இதைப் பற்றி வகுப்பில் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல யார் வேண்டும்? பி.எட் முடித்தவரா, பூச்சியைத் தெரிந்தவரா?

'ரெண்டும் தெரிஞ்சவர்தான்' என்பீர்கள். அப்படி ஆள் கிடைப்பதுதானே கஷ்டம்!

தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. அதற்குப் பாடம் எடுக்க, வழக்கமான ஆசிரியர் பயிற்சி வழியாக வராத பலர் பகுதி நேரமாகச் சேர்க்கப்பட்டார்கள். பணி நிரந்தரத்துக்குப் பல வருடம் காத்திருந்தார்கள். பகுதி நேர வருடங்களைப் பென்ஷனில் சேர்க்கச் சொல்லி அவர்கள் அலைந்தது தனிக்கதை.

அமெரிக்காவிலும் வேளாண் ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறைதான். வேறு வேலையில் இருந்தவர்களுக்கு மாற்று வழியில் சான்றிதழ் கொடுத்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள். ஃப்ளோரிடாவில் 2006-ல் வெளியான ஆய்வு, தங்கள் கற்பிக்கும் திறன் மீதான நம்பிக்கையில் இரு தரப்பு ஆசிரியர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அது அளந்தது ஆசிரியரின் நம்பிக்கையை. பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல.

மாவுப்பூச்சிக்கே வருவோம். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த 'அனாகைரஸ் லோபெசி' என்ற குட்டிக் குளவியை, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் குளவி முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். வேளாண் பட்டதாரிக்கு இது தெரிந்த சங்கதி. ஆனால் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, பின்வரிசைக்கும் புரியும்படி சொல்லி, பரீட்சைக்கும் தயார் செய்வது வேறு வேலை. அதைச் சில மாதப் பயிற்சியிலும், மூத்த ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்தும் கற்றுக்கொடுத்துவிடலாம். வயலைத் தெரியாதவருக்கு வயலைக் கற்றுக்கொடுக்கத்தான் நாளாகும் என்பது என் எண்ணம்.

இப்போது பெரிய கவலை வேறு. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல நிரப்பப்படாமல் கிடக்க, தொழிற்கல்விப் பிரிவுகளே மூடப்படுகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்தப் பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பள்ளியில் குரூப்பே இல்லாவிட்டால் அந்தக் கதவும் சாத்தின மாதிரிதான்.

பிளஸ் ஒன் சேர்க்கும்போது கேளுங்கள்: வேளாண் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? செய்முறைக்குப் பள்ளியில் நிலமும் தண்ணீரும் உண்டா? வாரத்தில் எத்தனை நாள் பிள்ளைகள் மண்ணில் இறங்குகிறார்கள்?