விழாவுக்கு முன்பே தொடங்கும் தூய்மை

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகள் ஒலிபெருக்கியோடுதான் விடியும். தெருவுக்குத் தெரு அம்மன் கோவில். கூழ் வார்த்தல், அன்னதானம். திங்களன்று பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் காகிதக் குவளையும் தண்ணீர் பாக்கெட்டும் கிடக்கும். மழை வந்தால் அவை வடிகாலில் இறங்கும். திருவேற்காட்டிலோ கூவமே பக்கத்தில் ஓடுகிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கும் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் இருக்கிறது என்றால் சக ஆசிரியர்களே நம்புவதில்லை. "பேப்பர்தானே டீச்சர்?" என்கிறார்கள்.

ஏழாம் வகுப்பில் செய்து காட்டினேன். குவளையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் தாள் கூழாகிவிடும். உட்பக்கத்து மெல்லிய பாலித்தீன் படலம் மட்டும் கையில் தங்கும். அத்தகைய குவளையில் 100 மி.லி. சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் தெரிவித்தனர். எண்ணைவிட அந்தப் படலம்தான் பிள்ளைகளின் மனதில் நின்றது.

இனி நம் ஆண்டு விழாவுக்கு வருவோம். 600 பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் என்றால் 600 காலி பாட்டில்கள். அதே 300 லிட்டர், 20 லிட்டர் கேனில் 15 கேன்கள். கேன் திரும்பிப் போய்விடும். கூடவே 150 எவர்சில்வர் டம்ளர் இருந்தால் சுழற்சியில் சமாளிக்கலாம். கழுவுவது யார் என்ற கேள்வி உடனே எழும். பிள்ளைகளும் அல்ல, பள்ளித் தூய்மைப் பணியாளர் தலையில் கூடுதலாகக் கட்டுவதும் அல்ல. பாட்டிலில் மிச்சமாகும் பணத்தில் ஒருவருக்குக் கூலி கொடுத்து அமர்த்துவதை பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளையே இப்படிப் பசுமை நெறிமுறை வகுத்து நடத்தினார்கள்.

விழா முடிந்தபின் மாணவர்களைக் குப்பை பொறுக்க வைத்துப் படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் எல்லாம் கலந்துபோயிருக்கும். வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் நல்லவைதான். ஆனால் பிளாஸ்டிக்கோடு கலந்து குப்பைமேட்டில் புதைந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். ஆகவே சாப்பாட்டுப் பந்தலிலேயே இரண்டு டிரம், பக்கத்தில் பெரியவர் ஒருவர். 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே கூறின. சொல்லிவைத்தால் வண்டியும் நேரத்துக்கு வரும்.

கூழுக்குத் தூக்குவாளியோடு வரும் பாட்டிகள் இன்னும் எங்கள் தெருவில் உண்டு. அழைப்பிதழிலேயே "டம்ளர் கொண்டு வாருங்கள்" என்று ஒரு வரி அச்சிடலாம். ஃப்ளெக்ஸுக்குப் பதில் துணிப் பதாகை எழுதினால் ஆண்டைக் குறிப்பிடாமல் விடுங்கள். அதை அட்டையில் தனியாக எழுதிக் குத்திக்கொண்டால் அடுத்த ஆண்டும் அதே துணி உதவும்.