எந்த ரௌட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்?

வாட் எண்ணை மட்டும் பார்த்து ரௌட்டர் வாங்கினால் ஏமாந்துபோவோம். ஏன்? அதிக வாட் எடுக்கும் பெட்டியின் திறன் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 44.45 மில்லிமீட்டர் உயரமே உள்ள ஒரு ரேக் யூனிட் பெட்டியில் 400 கிகாபிட் போர்ட்கள் 32 அடங்கும். மொத்தத் திறன் நொடிக்கு 12,800 கிகாபிட்.

எப்படி ஒப்பிடுவது? வாட்டைத் திறனால் வகுக்க வேண்டும். இந்தப் பெட்டி 640 வாட் எடுத்தால், கிகாபிட்டுக்கு 0.05 வாட். 1,000 கிகாபிட் பெட்டி 200 வாட் எடுத்தால், 0.2 வாட், நான்கு மடங்கு!

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்ட்டில் செருகும் 400 கிகாபிட் ஒளியிழை மாட்யூல் ஒவ்வொன்றும் சுமார் 10 வாட் எடுக்கும். 32 மாட்யூலுக்கு 320 வாட். விவரத்தாளில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

டேட்டா ஓடாவிட்டாலும் சிப்பும் விசிறியும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, உண்மையில் பயன்படுத்தப்போகும் போர்ட்களை எண்ணிக் கணக்கிடுவதே சரி.